நாற்பது நாள் நகல்

செவ்வாய்க்கிழமை காலை மாமா போனில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இன்ஸ்பெக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். நான் எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறேனாம். அவர் வாயில் என் சொந்தப் பெயர் வருகிறதென்றால் குற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று அர்த்தம்.

"கொஞ்சம் வந்துட்டுப் போறியா? அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா இப்பவே வா," என்றார்.

மாமாவும் நானும் ஒரே பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குத்தான் வேலை செய்கிறோம். அவர் அங்கே குரல் பதிவாளர். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரலை இழக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் அங்கே வந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அந்தப் பதிவை ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அதிலிருந்து ஒரு குரலைச் செய்து கொடுப்பார்கள். பிறகு அந்த மனிதர் போனில் எதை டைப் அடித்தாலும் போன் அவர் குரலிலேயே பேசும். நான் நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பேக்கப் என் பொறுப்பு. வேறு இரண்டு அலுவலகங்களும் என் கையில் உண்டு, ஆனால் அங்கெல்லாம் தொலைந்தால் மறுபடி டைப் அடித்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள்தான்.

நான் போனபோது மாமா பதிவறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சின்ன அறை. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருக்கும், கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

கரகரப்பான, ஆனால் தெம்பான ஓர் ஆண் குரல். "நாளைக்குக் காலையில் நான் கடைக்குப் போ" என்று சொல்லி நின்றுவிட்டது. அடுத்தது, "அந்தப் பெட்டியை மேசையின் மேல் வை". போகிறேனா, போகவில்லையா, வைத்தானா, வைக்காதேயா, ஒன்றும் தெரியவில்லை. இருபது வாக்கியம் கேட்டேன். இருபதும் வாலறுந்த பல்லி மாதிரி பாதியில் துடித்தன. நாம் பேசும் லட்சணத்துக்கு, சங்கதி எல்லாம் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அதை நறுக்கிவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"யாரோடது மாமா?"

"கண்டக்டரோடது."

கண்டக்டர் இருபத்தாறு வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். ஒன்பது நாள் எங்களிடம் வந்து பேசினார். பதினாறு நாளுக்கு முன்னால் அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அந்தக் குரல் இனி அவர் தொண்டையில் கிடையாது, எங்கள் டிஸ்க்கில் மட்டும்தான் உண்டு. புதன்கிழமை பதிவுகளைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை அவரும் அவர் மனைவியும் வருகிறார்கள்.

வியாழக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களும் எந்த மனிதனும் வாழ்க்கையில் சொல்லாத வாக்கியங்கள். எல்லா ஒலியும் வரவேண்டும் என்பதற்காக யாரோ உட்கார்ந்து எழுதியவை. அதனால் கடைசி நாள் மட்டும் பட்டியலை மூடிவைத்துவிட்டு, வந்தவர் தன் வீட்டாருக்குச் சொல்ல நினைப்பதைச் சொந்த வார்த்தையில் சொல்லலாம். அவற்றைக் கம்பெனியின் இயந்திரம் தொடாது, பேசியது பேசியபடியே போனில் ஒவ்வொரு பொத்தானாக ஏறும், அழுத்தினால் ஒலிக்கும். அந்த நாளில் மாமா பதிவை ஓடவிட்டுவிட்டு வெளியே போய்விடுவார். கண்டக்டர் அன்று நாற்பத்திரண்டு சொல்லியிருந்தார். என்ன சொன்னார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவற்றைப் போனில் ஏற்றிக்கொள்ளத்தான் வியாழக்கிழமை வருகிறார்கள்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். மாமா சொன்னதை அவர் இழுத்த இழுப்பு இல்லாமல் இங்கே சொல்கிறேன். அவருக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். ஏசி ஓடும் சத்தம், நாற்காலி முனகுவது, வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் வரும் இரைச்சல், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கம்பெனிக்கு அனுப்புவார். திங்கட்கிழமை புதிதாக ஒரு மென்பொருள் கருவி கிடைத்திருக்கிறது. மெல்லிய சத்தம் எதுவானாலும் வெட்டு என்று அதற்குச் சொல்லிவிட்டு, எல்லாப் பதிவையும் ஒரே மூச்சில் அதன் வாயில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கண்டக்டருக்கோ வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்கிவிடும், வலியில். கருவி அதையும் இரைச்சல் என்று நினைத்து நறுக்கித் தள்ளியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அதுவரைகூடப் பரவாயில்லை. அதற்குத்தானே பேக்கப். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். நேராகப் பேக்கப்பைத் திறந்து முந்தின நாள் ஃபோல்டருக்குப் போனார். அங்கே எல்லாம் முழுசாக இருந்தது. எடுத்து வந்து வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கொஞ்சம் மென்மையாக வெட்டினால் சரியாக வரும் என்று தோன்றியிருக்கிறது. அதை அங்கேயே, அந்த பேக்கப் ஃபோல்டருக்குள்ளேயே, செய்து பார்த்தார். அதுவும் வாலை நறுக்கியது. சரி என்று அதற்கு முந்தின நாளைத் திறந்தால் அங்கேயும் வாலில்லை. அதற்கும் முந்தின நாள், அதற்கும் முந்தின நாள், தொடாத ஃபோல்டர்களிலும் வாலில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, மேலே பார்க்கத் தைரியமில்லாமல் மூடிவைத்துவிட்டார்.

"பேக்கப்புக்குள்ள போய் யாராவது திருத்துவாங்களா மாமா?"

"நாப்பது இருக்கேன்னுதான்," என்றார். "ஒண்ணு போனா முப்பத்தொம்பது இருக்கும்ல?"

அவரைத் திட்டவும் வழியில்லை. ஏனென்றால் நாற்பது என்று அவருக்குச் சொன்னவள் நான். ஒரு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "நாற்பது நாள் நகல் இருக்கு, யாரும் எதுக்கும் பயப்பட வேண்டாம்" என்று மார்தட்டியிருக்கிறேன். நிலையத்தை நடத்துகிற மேடம் கைதட்டினார். நகல் என்றால் என்ன என்று அன்றைக்கு நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் கைதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

விஷயம் இதுதான். பேக்கப் ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் போடும். நேற்றிலிருந்து மாறாத ஃபைலை அது மறுபடி நகல் எடுப்பதில்லை, இடம் வீண். அதற்குப் பதிலாக நேற்றைய ஃபைலுக்கே இன்னொரு பெயர் வைத்து இன்றைய ஃபோல்டரிலும் காட்டும். இதற்குத்தான் ஹார்டு லிங்க் என்று பெயர். பார்க்கிறவருக்கு நாற்பது ஃபைல், டிஸ்க்கில் ஒன்றுதான். ஒரே அறைக்கு நாற்பது கதவு வைத்த மாதிரி. ஒரு கதவு வழியாகப் போய்ச் சுவரை இடித்துவிட்டு, அடுத்த கதவைத் திறந்து சுவர் இருக்கிறதா என்று பார்த்தால் எப்படி இருக்கும்? சில கருவிகள் திருத்தியதைப் புது ஃபைலாக எழுதி வைக்கும், அப்படியென்றால் மற்றக் கதவுகளுக்குச் சேதமில்லை. மாமாவின் கருவி பழைய ஃபைலுக்குள்ளேயே புகுந்து திருத்தும் ரகம். அந்த ஃபோல்டர்களுக்குள் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்க வேண்டும். பூட்டாதது நான். இன்னொரு கட்டடத்தில் இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று மேடத்துக்கு இரண்டு முறை எழுதினேன். மூன்றாவது முறை எழுதச் சோம்பலாக இருந்தது. அதுவும் நான்.

மாமாவிடம் இதைச் சொன்னேன், கதவு, சுவர் எல்லாம் வைத்து. கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ ஒண்ணே ஒண்ணுதானா இருந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். அவர் ஹெட்போன் கம்பியைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அப்புறம் என்மேல் வந்தது, பிறகு வேலையைப் பார்ப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

முதல் காரியமாக அன்றைய பேக்கப் ஓடாமல் நிறுத்தினேன். எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி டிஸ்க்கை மாற்றினேன். பிறகு கண்டக்டரின் முதல் நாள் பதிவு ஒன்றை எடுத்து, அந்த ஃபைலுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். அதற்கு ஒரு எளிய கட்டளை உண்டு, ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும். இது எதற்கு என்றால், அழுவதற்கு முன்னால் எவ்வளவு அழவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இருபத்தொன்று என்று காட்டியது.

கணக்குப் போட்டேன். நாற்பது ஃபோல்டரில் மூன்றாவது நாளிலிருந்து அந்தப் பதிவு இருக்கிறது. நாற்பதாவது ஃபோல்டரில் இருப்பது திங்கட்கிழமை நறுக்கியது, வேறு ஃபைல். ஆக மூன்றிலிருந்து முப்பத்தொன்பது வரை, முப்பத்தேழு பெயர் இருக்கவேண்டும். எண்ணோ இருபத்தொன்று. இன்னொரு ஃபைல் பார்த்தேன், அதே இருபத்தொன்று. அப்படியானால் மீதிப் பதினாறு ஃபோல்டர்களில் இருப்பது எது?

அப்போதுதான் என் வண்டவாளம் எனக்கே ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாத வண்டவாளம்.

நாற்பது நாளுக்கு முன்னால் பேக்கப்பைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். நேற்றைய ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பேக்கப் கருவிக்கு ஒரு வழி சொல்ல வேண்டும், அதைப் பார்த்துத்தான் அது லிங்க் போடும். முழு முகவரி எழுதியிருக்கலாம். நான் சுருக்கமாக, இங்கிருந்து பக்கத்தில் என்கிற மாதிரி எழுதினேன். பக்கத்து அறைக்குப் போ என்று ஒருவரிடம் சொன்னால், அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தானே பக்கத்து அறை? நான் என் இடத்தில் நின்றுகொண்டு எழுதினேன். அந்தக் கருவியோ அந்த வழியைப் புது ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு படித்தது. அங்கிருந்து பார்த்தால் நான் சொன்ன பக்கத்தில் ஒன்றுமே இல்லை. யாரும் படிக்காத ஒரு பதிவேட்டில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, லிங்க் எதுவும் போடாமல், அன்றாடம் எல்லாவற்றையும் முழுசாக நகல் எடுத்துக்கொண்டே போனது. பத்தொன்பது நாள். டிஸ்க் நிரம்பப் போகிறது என்று எச்சரிக்கை வந்த பிறகுதான் கண்டுபிடித்துத் திருத்தினேன். மேடத்திடம் "பதிவெல்லாம் பெருசா வருது" என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த முழு நகல்களை அழிக்க வேண்டும் என்று மூன்று வாரமாக மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் சுறுசுறுப்பை உபதேசம் செய்கிற நான் அதைச் செய்யவில்லை.

பத்தொன்பதாவது நாளின் நகலோடு இருபதாம் நாள் ஒட்டிக்கொண்டது, அதோடு இருபத்தொன்று, அப்படியே முப்பத்தொன்பது வரை. அந்த இருபத்தொன்றுக்கும் சேர்த்துத்தான் மாமாவின் கத்தி விழுந்திருக்கிறது. பதினெட்டாம் நாள் தனி. அதற்கு முந்தினவையும் தனித்தனி.

பதினெட்டாம் நாள் ஃபோல்டருக்குப் போய் அதே ஃபைலுக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்தேன். ஒன்று என்று இருந்தது. என் வாழ்நாளில் ஒன்று என்ற எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, ஸ்கூலில் ரேங்க் வாங்கியபோதுகூட. ஹெட்போனை மாட்டி ஓடவிட்டேன்.

"நாளைக்குக் காலையில் நான் கடைக்குப் போக வேண்டும்."

மாமாவின் காதில் மாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இன்ஸ்பெக்டர்," என்றார்.

சாயங்காலத்துக்குள் அத்தனையையும் ஒரு புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம், இந்த முறை முழு முகவரியோடு. எண்ணினேன். ஏழு நாள் பதிவு முழுசாகக் கிடைத்தது, ஆயிரத்து முந்நூற்று எண்பது வாக்கியம். கண்டக்டர் எட்டாவது முறை வந்தது இருபதாம் நாள், ஒன்பதாவது முறை இருபத்திரண்டாம் நாள். அந்த இரண்டும் நான் பிழையைத் திருத்திய பிறகு நடந்தவை. அவற்றுக்கு ஒரே ஃபைல்தான், அதுவும் நறுக்கியது. நான் இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் இருந்திருந்தால் அவையும் பிழைத்திருக்கும். இதை யோசித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதால் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

புதன்கிழமை கம்பெனியில் கேட்டோம். ஆயிரத்து முந்நூற்று எண்பது தாராளமாகப் போதும், குரல் வந்துவிடும் என்றார்கள். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பூசணிக்காய் உட்பட. திட்டினார். பிறகு, வியாழக்கிழமை நீங்களே உட்கார்ந்து அவர்களிடம் பேசுங்கள் என்றார்.

அன்று மத்தியானம் மாமா என் மேசைக்கு வந்து தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னார். கம்பெனி குரலைச் செய்து கொடுத்துவிட்டால் அது எதை வேண்டுமானாலும் பேசும். கடைசி நாள் நாற்பத்திரண்டில் அறுந்த வார்த்தைகளை ஓரளவு ஊகிக்கலாம். அதை இயந்திரக் குரலை வைத்தே பேசவைத்துப் பொத்தான்களில் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் குரல்தானே? அவர்கள் மனசு நோகாது.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு நிமிடம், ஏன், ஐந்து நிமிடம் யோசித்தேன். நாளைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதியாகத் தோன்றியது. ஆனால் நாற்பது என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தவள் நான். மறுபடியும் இருக்கிற மாதிரி ஒன்றைக் காட்ட மனம் வரவில்லை.

"அது அவர் சொன்னது இல்ல மாமா," என்றேன்.

மாமா தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் நான் கிளம்பும்போதும் பதிவறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மீட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்கிறேன் என்றார். அக்கா எனக்குப் போன் செய்து, உன் மாமாவைப் பிடித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கண்டக்டர் உயரமானவர், இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. டிக்கெட் பை தொங்கிப் பழகிய தோளில் இப்போது சின்ன வெள்ளைப் பலகை தொங்கியது, பேனாவும் அதிலேயே கட்டியிருந்தது. அவர் மனைவி தையல்காரர். உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் பாதி வழியில் பயந்துவிடுவேன் என்று தெரியும். பட்டியல் வாக்கியங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, அவருடைய குரல் கிடைத்துவிடும் என்று முதலில் சொன்னேன். எட்டாவது, ஒன்பதாவது நாள் பதிவுகள் எங்கள் தவறால் கெட்டுவிட்டன, திரும்ப வராது என்றேன். நிறைய நகல் இருக்கிறது என்று நான் சொன்னதை நம்பித்தான் இது நடந்தது, உண்மையில் ஒன்றுதான் இருந்தது என்றும் சொன்னேன். மாமா, "வெட்டினது நான்தாங்க," என்றார்.

கண்டக்டர் பலகையில் எழுதிக் காட்டினார். "கடைசி நாள்?"

"அதுதாங்க போச்சு," என்றேன். "ஒவ்வொண்ணுலயும் கடைசி வார்த்தை இல்ல. மன்னிச்சிருங்க."

அவர் எழுதியதைத் துடைத்தார். பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார், போட்டார்.

அவர் மனைவிதான் பேசினார். "எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன்னு ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குச் சொன்னாரு. என்னன்னு கேட்டேன், அதுல கேட்டுக்கோன்னாரு. இருக்கிற வரைக்கும் போடுங்க, கேக்கறேன்."

மாமா தேடி எடுத்துப் போட்டார். ஸ்பீக்கரில் கண்டக்டரின் குரல் வந்தது, மற்ற நாள்களைவிடக் களைத்த குரல். "நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா நான் எப்பவோ"

அவ்வளவுதான். அந்த அம்மா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார், மிச்சமும் வந்துவிடும் என்பதுபோல. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். கண்டக்டர் பலகையை எடுத்து, எங்களுக்குத் தெரியாதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் எழுதி மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா படித்தார். "ம்" என்றார். எழுதியதைத் தன் கையாலேயே துடைத்தார்.

"குரல்ல கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன். அப்போது மாமா எழுந்து, என்னிடமும் கேட்காமல், கணினிக்கு முன்னால் போய் நின்றார்.

"நேத்துப் பூரா கேட்டேங்க, பழைய பதிவை. நான் வெட்டிச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி உள்ளதை," என்றார். "இவரு ஒவ்வொரு வாக்கியம் படிச்சு முடிச்சதும் ஏதாவது சொல்வாரு. நான் மைக்கை அணைக்கறதுக்குள்ள பேசிருவாரு. அதெல்லாம் குப்பைன்னு எப்பவும் வெட்டித் தூக்கிப் போட்டுருவேன். இந்தத் தடவையும் ஒழுங்கா வெட்டியிருந்தா, எல்லாம் போயிருக்கும். இப்ப அது நானூத்திச் சொச்சம் இருக்கு. ஒண்ணு போடறேன்."

போட்டார். முதலில் பட்டியல் வாக்கியம், பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி. "தோட்டத்தில் மூன்று வெள்ளை வாத்துகள் வரிசையாக நடந்து சென்றன." ஒரு இடைவெளி. நாற்காலி முனகியது. பிறகு அதே குரல், ஆனால் கூட்டத்துக்கு நடுவே நின்று பேசிப் பழகிய குரல்.

"மூணும் டிக்கெட் எடுத்துச்சா?"

உடனே சிரிப்பு. இருமலில் இடறி, மறுபடி எழும்பி, அடங்காத பெரிய சிரிப்பு. பின்னால் மாமாவும் சிரிப்பது கேட்டது.

கண்டக்டரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. வாய் விரிந்தது, கண்ணில் நீர் வந்தது, ஒரு கையால் மேசையைத் தட்டினார். சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கரில் இருந்தது சத்தம். அந்த அம்மா ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை, கணவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றார்.

மாமா போட்டார். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மூன்றாவது முறையும் போட்டார். நானூறும் வேண்டும், ஒன்றுகூட வெட்டாமல் வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். ஒவ்வொன்றையும் பொத்தானில் ஏற்றித் தருகிறேன் என்று மாமா சொன்னார்.

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்தார். நிதானமாக எழுதி, என் பக்கம் திருப்பினார்.

"இதை ரெண்டு இடத்துல வைங்க. நிஜமாவே ரெண்டு."